ஆம்ப்ளிஃபயரில் பியூஸ் போனால்: உப்புக்காற்று வீட்டுக்காரர்களுக்கு

"பீஸ் போயிருச்சு" என்று வீட்டுக்குள்ளிருந்து சத்தம் வந்தால் எங்கள் பக்கம் ஆள் நேரே மீட்டர் பெட்டிக்குத்தான் போவார். பீங்கான் கட்டையைப் பிடுங்கி, வயரிலிருந்து ஓர் இழையை உருவிச் சுற்றி, திரும்பச் சொருகினால் ஃபேன் ஓடும். அதே கையோடு ஆம்ப்ளிஃபயரின் முதுகில் இருக்கும் சின்னக் கண்ணாடி பியூஸுக்கும் கம்பி சுற்றுகிறவர்கள் உண்டு. நானும் சுற்றியவன்தான். படிக்கிற காலத்தில் நானே கோத்த ஓர் ஆம்ப்ளிஃபயர் செட்டு. பொங்கலுக்கு முந்தின ராத்திரி பியூஸ் போனது. கடையெல்லாம் பூட்டியாச்சு. சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித்தாளை உருட்டி, செத்த பியூஸின் மேல் சுற்றி வைத்தேன். பாட்டு வந்தது. கால் மணி நேரத்தில் வார்னிஷ் கருகும் வாசனை வந்தது, பின்னாலேயே புகை. மூடியைத் திறந்தால் டிரான்ஸ்பார்மரின் காகிதம் பழுப்பேறி, பசை மாதிரி ஏதோ அடியில் வழிந்து கிடந்தது. பியூஸ் ஏன் போனது என்று கேட்காமல் அதன் வாயை அடைத்ததற்கு நான் கொடுத்த விலை ஒரு டிரான்ஸ்பார்மரும் நான்கு டிரான்சிஸ்டரும்.

முதல்முறை பியூஸ் மாற்றப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். திருப்புளி பிடிக்கத் தெரிந்து, ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் கையில் இருந்தால் போதும். எலெக்ட்ரானிக்ஸ் படித்திருக்க வேண்டியதில்லை. எந்த இடத்தில் கையை எடுத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும் என்பதையும் அங்கங்கே சொல்லிக்கொண்டு போகிறேன்.

நம்ம ஊர் விசேஷம்

எந்தப் பாடப்புத்தகத்தைப் பார்த்தாலும், பியூஸ் சும்மா போகாது, அளவுக்கு மேல் கரண்ட் ஓடியதால்தான் போகும் என்று இருக்கும். மதுரைக்கு அது சரி. மண்டபம், பாம்பன், தொண்டி, கீழக்கரை, வாலிநோக்கம் என்று கடலை ஒட்டி இருப்பவர்கள் இன்னொரு காரணத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதுதான் உப்பு. காற்றில் வரும் உப்பு பியூஸ் ஹோல்டரின் பித்தளைக் கவ்விகளில் படிந்து, ஈரத்தோடு சேர்ந்து பச்சைக் களிம்பு கட்டும். களிம்பு கட்டிய கவ்வி பியூஸை இறுக்கிப் பிடிக்காது. பிடிப்பு குறைந்த இடத்தில் சூடு பிறக்கும். அந்தச் சூட்டில் பியூஸின் முனைத்தொப்பிக்குள் இருக்கும் ஈயம் இளகி, உள்கம்பி கழன்றுவிடும். ஆம்ப்ளிஃபயரில் ஒரு குறையும் இருக்காது, ஆனால் பியூஸ் செத்திருக்கும். புது பியூஸ் போட்டால் ஒரு மாதம் ஓடும், திரும்பவும் போகும். "செட்டுல ஏதோ லீக்கேஜ்" என்று சொல்லி போர்டையே மாற்றிய ஆட்களை எனக்குத் தெரியும்.

2025-இல் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்குத் துருவுக்குப் பயந்து துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் தனிப் பெயின்ட்டும் போட்டிருக்கிறார்கள். தீப்பெட்டி அகலம்கூட இல்லாத ஒரு பித்தளைக் கவ்வி என்ன செய்யும்?

ஆகவே இங்கே கேள்வி இரண்டு. பியூஸ் கரண்டால் போனதா, களிம்பால் போனதா? செத்த பியூஸைக் கையில் வைத்துப் பார்த்தாலே பாதி பதில் கிடைத்துவிடும். அதனால் அதைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

திறப்பதற்கு முன்னால்

செட்டில் விளக்கே எரியவில்லை என்றால் பியூஸ் என்று முடிவு கட்டுவதற்கு முன் அதே பிளக் பாயின்ட்டில் ஒரு போன் சார்ஜரைச் சொருகிப் பாருங்கள். அடுத்து பவர் கார்டு. பின்னால் கழற்றிச் சொருகும் வகையாக இருந்தால் கம்ப்யூட்டர் கார்டை மாட்டிப் பாருங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் தனியாக ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தால் அதுவும் விழுந்திருக்கலாம். விளக்கு எரிகிறது, பாட்டு மட்டும் வரவில்லை என்றால் பெரும்பாலும் மெயின் பியூஸ் நன்றாகவே இருக்கும். அது வேறு கதை.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்து வீடுகளுக்கு ஒரு தனிக்குறிப்பு. கீழக்கரையில் ஒரு நண்பர் வீட்டில் ஆம்ப் ஒன்று மூன்று மாதமாகத் துணி போர்த்திக் கிடந்தது. "எங்க காக்கா துபாய்ல இருந்து கொண்டாந்தது. பாத்தவரு போர்டு போச்சுன்னுட்டாரு" என்றார். காக்கா என்றால் அங்கே அண்ணன். கார்டைப் பார்த்தேன். மூன்று தட்டைக் கால் உள்ள பெரிய பிளக், அதற்கு மேல் ஒரு கன்வெர்ட்டர். துபாய், சிங்கப்பூர், மலேசியா மூன்று இடத்திலும் இந்த பிளக்தான். அதன் வயிற்றுக்குள்ளேயே ஒரு பியூஸ் இருக்கும். 25 மில்லிமீட்டர் நீளம், வெள்ளைப் பீங்கான் உடம்பு, 3, 5 அல்லது 13 ஆம்பியர் என்று எழுதியிருக்கும். நம் உருண்டைக்கால் பிளக்கில் அப்படி ஒன்று கிடையாது என்பதால் உள்ளூரில் யாரும் அங்கே தேடுவதில்லை. போனது அதுதான், போர்டுக்கு ஒன்றுமில்லை. அதே அளவில் பியூஸ் கிடைத்தால் போடுங்கள். கிடைக்காவிட்டால், செட்டுக்குள் தனி பியூஸ் இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு, பிளக்கை வெட்டி நம் மூன்றுகால் பிளக்கை மாட்டுங்கள். எர்த் வயரை விட்டுவிடக்கூடாது. பச்சை மஞ்சள் கோடு போட்டது எர்த், பழுப்பு பேஸ், நீலம் நியூட்ரல்.

வெளிநாட்டு செட்டு என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவில் 120 வோல்ட், ஜப்பானில் 100 வோல்ட். அங்கிருந்து வந்த செட்டை நம் 230-இல் அப்படியே சொருகினால் பியூஸ் அந்த நொடியே போகும். அது போனதற்கு நன்றி சொல்லிவிட்டு, பின்பக்கத்தில் வோல்டேஜ் மாற்றும் ஸ்விட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 230 அல்லது 240 பக்கம் தள்ளிவிட்டு, அதற்குரிய பியூஸ் போட வேண்டும். இரண்டு வோல்டேஜுக்கும் பியூஸ் அளவு ஒன்றாக இருக்காது. 115-க்கு 6.3 ஆம்பியர் கேட்கும் செட்டு 230-க்கு 3.15 கேட்கும். ஸ்விட்சே இல்லாவிட்டால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் அந்த செட்டைத் தொட வேண்டாம்.

பியூஸை வெளியே எடுப்பது

சுவரிலிருந்து பிளக்கைக் கழற்றுங்கள். ஸ்விட்சை அணைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். பழைய வீடுகளில் ஸ்விட்ச் பேஸில் இல்லாமல் நியூட்ரலில் மாட்டியிருப்பதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அணைத்தாலும் உள்ளே கரண்ட் நிற்கும். பிளக்கைக் கையில் எடுத்து, செட்டின் மேலேயே கண்ணுக்குத் தெரியும்படி வைத்துவிடுங்கள். பாதி வேலையில் யாரோ வந்து சொருகிவிடுகிற விபத்தும் நடக்காது.

பின்பக்கத்தில் பியூஸ் என்று எழுதிய கறுப்பு மூடி இருந்தால் அழுத்தி இடப்பக்கம் கால் சுற்று திருப்பினால் மூடியோடு வெளியே வரும். கம்ப்யூட்டர் கார்டு சொருகும் வாய் இருந்தால் அதை ஒட்டி ஒரு சின்ன இழுப்பறை தெரிகிறதா பாருங்கள். மெல்லிய திருப்புளியால் நெம்பினால் நழுவி வரும். பல இழுப்பறைகளில் பக்கத்திலேயே ஒரு உபரி பியூஸும் படுத்திருக்கும், தயாரித்தவர் வைத்தது.

இரண்டும் இல்லையென்றால் பியூஸ் உள்ளேதான். மூடியைத் திறக்க வேண்டும். அங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். உள்ளே சோடா டின் மாதிரி இரண்டு பெரிய கெப்பாசிட்டர்கள் நிற்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் அவற்றில் கரண்ட் தங்கியிருக்கும். 50 வோல்ட், 10,000 மைக்ரோபாரடு உள்ள ஒன்றில் திருப்புளியை வைத்தால் வெல்டிங் பொறி பறக்கும். சிலர் அப்படித்தான் "டிஸ்சார்ஜ்" செய்கிறார்கள். வேண்டாம். 1 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை உறை போட்ட இரண்டு கிளிப் வயரில் ஈயம் வைத்து ஒட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கெப்பாசிட்டரின் இரண்டு காலுக்கும் நடுவில் ஒரு நிமிடம் பிடித்துவிட்டு, மீட்டரில் வோல்ட் வைத்துப் பாருங்கள். ஒன்றிரண்டு வோல்ட்டுக்குக் கீழே வந்ததும் கை வைக்கலாம்.

இரண்டு வகை செட்டுகளைப் புதியவர்கள் திறக்கவே வேண்டாம். ஒன்று, கனமான டிரான்ஸ்பார்மர் இல்லாமல், கம்ப்யூட்டருக்குள் இருப்பது போன்ற எஸ்எம்பிஎஸ் சப்ளையில் ஓடுபவை. அவற்றின் கெப்பாசிட்டரில் 325 வோல்ட் டிசி நிற்கும். இன்னொன்று, டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய்கள் எரியும் வால்வு ஆம்ப். காரணம் அதேதான், அதற்கும் மேலே.

செத்த பியூஸைப் படிப்பது

இந்த இடத்தில் அவசரப்படக்கூடாது. பியூஸை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, மெதுவாக உருட்டிப் பாருங்கள்.

கண்ணாடி முழுக்கக் கறுத்தோ, உள்ளே வெள்ளிப் பூச்சு பூசியது போல மின்னியோ, கம்பி இருந்த தடமே தெரியாமலோ இருந்தால் அது ஷார்ட். ஒரே நொடியில் பெரிய கரண்ட் பாய்ந்து கம்பி ஆவியாகியிருக்கிறது. ஏசியை டிசியாக மாற்றும் ரெக்டிஃபயர் பிரிட்ஜோ, ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் டிரான்சிஸ்டர்களோ போயிருக்க வாய்ப்பு அதிகம். இதற்குப் புது பியூஸ் போட்டு நேரடியாக ஆன் செய்தால் இரண்டாவது பியூஸையும் தெண்டம் கட்டுவீர்கள்.

கண்ணாடி தெளிவாக இருந்து, கம்பி நடுவில் மட்டும் அறுந்து, நுனியில் குண்டூசித் தலை மாதிரி சின்ன உருண்டை தெரிந்தால் கரண்ட் கொஞ்சம்தான் கூடியிருக்கிறது. கல்யாண வீட்டில் செட்டை முழு வால்யூமில் மணிக்கணக்காக ஓட்டியிருக்கலாம். ஒரே டெர்மினலில் இரண்டு ஜோடி ஸ்பீக்கர் பாக்ஸ் கட்டியிருக்கலாம். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் டிரான்ஸ்பார்மர் இழுக்கும் அந்த முதல் வேகக் கரண்டைப் பல வருஷம் தாங்கி, கம்பி ஓய்ந்து போயிருக்கவும் கூடும். இந்த வகைக்கு நான் பயப்படுவதில்லை.

கண்ணாடி தெளிவு, கம்பியும் முழுசாகத் தெரிகிறது, ஆனால் மீட்டரை வைத்தால் (எப்படி என்று கீழே சொல்கிறேன்) அது சத்தம் போடவில்லை. அல்லது கம்பி முனைத்தொப்பிக்குப் பக்கத்தில் கழன்று நிற்கிறது, தொப்பி மங்கிக் கறுத்திருக்கிறது. இதுதான் நம் கடலோரத்துச் சாவு. பியூஸை விட்டுவிட்டு ஹோல்டரைப் பாருங்கள்.

என் அக்கா மகன் உச்சிப்புளியிலிருந்து போன் செய்தபோது நடந்தது இதுதான். "மாமா, இந்த வருசத்துல மூணாவது பியூஸு. கம்பி அறுந்த மாதிரியே தெரியல." மூன்றையும் தூக்கிப் போடாமல் வைத்திருந்தான், நல்ல பிள்ளை. மூன்றிலும் ஒரே பக்கத்துத் தொப்பிதான் கறுத்திருந்தது. ஹோல்டருக்குள் டார்ச் அடித்தால் ஒரு கவ்வி மஞ்சளாகப் பளிச்சென்று இருக்கிறது, எதிர்க்கவ்வி பாசி பிடித்த படிக்கட்டு மாதிரி பச்சை. அதைச் சுற்றி பிளாஸ்டிக் சூட்டில் லேசாக உருகிச் சாய்ந்திருந்தது. ஹோல்டரை மாற்றினோம். செட்டில் வேறெதையும் தொடவில்லை.

கண்ணால் பார்ப்பதோடு நிறுத்தாமல் மீட்டரை 'பீப்' அடிக்கும் இடத்தில் வைத்து, பியூஸின் இரண்டு முனையிலும் கம்பியை வையுங்கள். பியூஸ் ஹோல்டரை விட்டு வெளியே இருக்கும்போதுதான் இதைச் செய்ய வேண்டும். பீங்கான் உடம்புள்ள பியூஸுக்குள் மணல் நிரப்பியிருக்கும், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அதற்கு மீட்டர் மட்டுமே வழி. பியூஸ் நன்றாக இருக்கிறது, கார்டும் நன்றாக இருக்கிறது, ஆனாலும் செட்டு செத்துக் கிடக்கிறது என்றால், டிரான்ஸ்பார்மர் சுற்றுக்குள் ஒளிந்திருக்கும், சூடு மிஞ்சினால் அறுகிற தெர்மல் பியூஸ் போயிருக்கலாம். அது மெக்கானிக் வேலை.

ஹோல்டரைச் சுத்தம் செய்வது

லேசான மங்கல் என்றால் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பென்சில் ரப்பரை மெல்லிய துண்டாக வெட்டி, கவ்வியின் உள்பக்கம் தேய்த்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்தால் போதும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். மேல்பூச்சு போய்விட்டால் அடுத்த மழைக்கே இன்னும் வேகமாகக் களிம்பு பிடிக்கும். தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்களும் இருக்கிறார்கள். அது தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், எறும்பையும் கூப்பிடும்.

கவ்வி தளர்ந்திருந்தால் பிளக் கழற்றிய நிலையில் மூக்குக் குறடால் லேசாக நெருக்கிவிடுங்கள். பியூஸைச் சொருகும்போது கொஞ்சம் பிகு தெரிய வேண்டும். பிளாஸ்டிக் உருகியிருந்தாலோ பச்சை ஆழமாக இறங்கியிருந்தாலோ சுத்தம் செய்து நேரத்தை வீணாக்காமல் புது ஹோல்டர் வாங்குங்கள். வாங்கும்போது கடைக்காரர் இரண்டு வகை காட்டுவார். மூடிக்குள் ஸ்பிரிங் வைத்த வகையை எடுங்கள்.

எந்த பியூஸ் வாங்குவது

கடைக்குப் போகும்போது பழைய பியூஸைக் கையோடு கொண்டுபோங்கள். ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். உங்களுக்கு முன்னால் யாரோ தப்பான பியூஸ் போட்டு வைத்திருக்கலாம். செட்டின் முதுகில், ஹோல்டருக்குப் பக்கத்தில் அச்சிட்டிருப்பதுதான் கணக்கு.

அதில் நான்கு விஷயம் இருக்கும். முதலாவது அளவு. ஜப்பானிய, ஐரோப்பிய, நம் ஊர் செட்டுகளில் பெரும்பாலும் 20 மில்லிமீட்டர் நீளம், 5 மில்லிமீட்டர் தடிமன். பழைய அமெரிக்க வகை 32 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். இரண்டாவது ஆம்பியர். 1.6, 2, 2.5, 3.15, 4, 5, 6.3 என்று வரும். 3.15 என்று கேட்டால் "மூணு இருக்கு, போதும்ல" என்பார்கள். ஒருபடி குறைவு ஆபத்தில்லை, அடிக்கடி போகும், அவ்வளவுதான். "அஞ்சு இருக்கு" என்றால் வாங்காதீர்கள்.

மூன்றாவதுதான் எல்லோரும் கோட்டைவிடும் இடம்: எண்ணுக்கு முன்னால் நிற்கும் ஆங்கில எழுத்து. எஃப் என்றால் உடனே போவது, டி என்றால் பொறுத்துப் போவது. ஆம்ப்ளிஃபயரை ஆன் செய்யும் அந்தக் கணத்தில் டிரான்ஸ்பார்மரும் காலியான கெப்பாசிட்டர்களும் சேர்ந்து வழக்கமான கரண்டைவிடப் பல மடங்கு இழுக்கும். வட்டு வடிவ டொராய்டல் டிரான்ஸ்பார்மர் இன்னும் மோசம். பத்து மடங்கு கரண்டில் எஃப் வகை 20 மில்லிசெகண்டுக்குள் போய்விடும். டி வகை அந்த வேகத்தைப் பொறுத்துக்கொண்டு, கரண்ட் இறங்காவிட்டால் மட்டும் போகும். டி கேட்கும் செட்டில் எஃப் போட்டால், செட்டில் எந்தக் குறையும் இல்லாமலேயே ஆன் செய்யும்போதெல்லாம் பியூஸ் போகும். அலுத்துப்போய் ஆம்பியரைக் கூட்டுவார்கள், வினை அங்கே ஆரம்பிக்கும். உள்கம்பி சுருளாகச் சுற்றியிருந்தாலோ நடுவில் ஒரு சொட்டு ஈயம் இருந்தாலோ பெரும்பாலும் டி வகை. நேராக முடிபோல ஒரே இழை என்றால் பெரும்பாலும் எஃப்.

நான்காவது வோல்ட், 250 என்று இருக்க வேண்டும். இங்கே படகுக்காரர்களிடம் ஒரு வார்த்தை. வள்ளத்து ஜிபிஎஸ்ஸுக்கும் விளக்குக்கும் போடும் கண்ணாடி பியூஸ் பார்க்க இதே மாதிரிதான் இருக்கும், ஆம்பியரும் பொருந்திவிடும். ஆனால் அது 12, 24 வோல்ட் பேட்டரிக்கானது, 32 வோல்ட் என்றுதான் தொப்பியில் எழுதியிருக்கும். 230-இல் அது அறுந்தாலும் அறுந்த இடைவெளியில் தீப்பொறி நின்று எரியும், கண்ணாடி வெடிக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் விசைப்படகு கரையில் நிற்கும்போதுதான் வீட்டு செட்டைக் கழுவித் துடைத்து நோண்டுவார்கள். நான் பார்த்த படகு பியூஸ் எல்லாம் அந்த இரண்டு மாதத்தில் வந்தவைதான்.

பழையது பீங்கான் என்றால் பீங்கானே வாங்குங்கள். கண்ணாடி பியூஸ் பெரிய ஷார்ட்டைத் துண்டிக்கத் திணறும் இடத்தில்தான் மணல் நிரப்பியதைப் போட்டிருப்பார்கள். ராமநாதபுரத்தில் கிடைக்காத அளவு என்றால் மதுரையிலோ சென்னை ரிச்சி தெருவிலோ பத்துப் பத்தாக வாங்கிவிடலாம். பத்து பியூஸ் வாங்குகிற காசுக்கு நல்ல சாப்பாடு ஒன்று வராது.

சீரிஸ் போர்டு

புது பியூஸைப் போட்டதும் சுவரில் சொருகி ஆன் செய்ய கை துடிக்கும். பொறுங்கள். ரேடியோ மெக்கானிக் மேஜையில் ஒரு பலகையில் குண்டு பல்பு ஒன்றும் பிளக் சாக்கெட் ஒன்றும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பேஸ் வயர் பல்பு வழியாகப் போய்த்தான் சாக்கெட்டுக்கு வரும். அதுதான் சீரிஸ் போர்டு. தெரிந்த எலெக்ட்ரீஷியனிடம் சொன்னால் அரை மணி நேரத்தில் கட்டிக் கொடுப்பார். 100 வாட் இழை பல்பு வேண்டும். எல்இடி போட்டால் ஒன்றும் தெரியாது.

இதன் சூட்சுமம் எளிது. உள்ளே நேர் ஷார்ட்டே இருந்தாலும் 100 வாட் பல்பு வழியாக 0.43 ஆம்பியருக்கு மேல் போகாது. பியூஸும் பிழைக்கும், மிச்சமிருக்கும் டிரான்சிஸ்டரும் பிழைக்கும்.

பாக்ஸ் வயர்களை எல்லாம் கழற்றுங்கள். வால்யூமைச் சுத்தமாகக் குறையுங்கள். காலில் செருப்பு இருக்கட்டும், தரை காய்ந்திருக்கட்டும். செட்டைச் சீரிஸ் போர்டில் சொருகி ஆன் செய்யுங்கள். பல்பு பளிச்சென்று ஒரு மின்னல் அடித்து, மெதுவாக இறங்கி, இழை சிவந்தும் சிவக்காமலும் நின்றால் நல்ல சகுனம். அந்த முதல் மின்னல் கெப்பாசிட்டர் நிரம்புவது. பல்பு முழு வெளிச்சத்தில் அப்படியே எரிந்துகொண்டிருந்தால் ஷார்ட். அணைத்துவிடுங்கள். அதற்கு மேல் அந்த செட்டில் உங்கள் வேலை முடிந்தது, பொறுப்பான மெக்கானிக்கிடம் கொடுங்கள். பல்பு துளிகூட எரியாவிட்டால் கரண்ட் உள்ளேயே போகவில்லை என்று அர்த்தம். பியூஸ் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் முன்னே சொன்ன தெர்மல் பியூஸ்.

சீரிஸ் போர்டில் ஓடும்போது செட்டின் உள்ளே கை வைக்காதீர்கள். பல்பு செட்டுக்குத்தான் காவல், உங்களுக்கு இல்லை.

நல்ல சகுனம் கிடைத்ததும் நேரடியாகச் சுவரில் சொருகி, பாக்ஸ் மாட்டாமலேயே ஆன் செய்யுங்கள். பாக்ஸுக்கு இணைப்புக் கொடுக்கும் ரிலே உள்ள செட்டு என்றால் சில விநாடியில் அது உள்ளே 'டக்' என்று விழும். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒவ்வொரு சேனலின் பாக்ஸ் டெர்மினலிலும் சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவில் பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குக் கீழே இருந்தால் நிம்மதி. வோல்ட் கணக்கில் காட்டினால் பாக்ஸை மாட்டாதீர்கள். மாட்டினால் கோன் வெளியே தள்ளி நின்று, வாய்ஸ் காயில் கருகிவிடும்.

பாக்ஸையும் வயரையும் சும்மா விடாதீர்கள்

குற்றவாளி செட்டுக்கு வெளியேயும் இருக்கலாம். பாக்ஸ் வயரைச் செட்டின் பக்கம் கழற்றி வைத்து, அதன் இரண்டு முனையிலும் மீட்டரை ஓம் இடத்தில் வையுங்கள். 8 ஓம் பாக்ஸ் மீட்டரில் 6, 7 காட்டும். 4 ஓம் பாக்ஸ் மூன்று சொச்சம் காட்டும். ஒன்றுக்குக் கீழே காட்டினால் எங்கேயோ இரண்டு வயரும் முட்டுகின்றன. அநேகமாக டெர்மினலில் ஒரு மயிரிழைச் செம்பு எட்டிப் பக்கத்து ஆணியைத் தொட்டுக்கொண்டிருக்கும். நம் பக்கம் அந்தச் செம்பு இழைகள் இரண்டே வருஷத்தில் கறுத்து நொறுங்கும். கறுத்த பகுதியை வெட்டிவிட்டு, புது நுனியை முறுக்கி, ஈயம் தேய்த்து மாட்டுங்கள்.

மூடி திறந்திருக்கும்போதே பல்லி கிடக்கிறதா என்றும் பாருங்கள். சிரிக்காதீர்கள். கதகதப்புக்கு உள்ளே போகும் பல்லி பிரிட்ஜின் இரண்டு காலுக்கு நடுவில் நீட்டிப் படுத்து, தானும் போய் பியூஸையும் கூட்டிக்கொண்டு போனதை இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

கரண்ட் கம்பத்திலிருந்து வரும் வினை

ஐப்பசி கார்த்திகை மழையில் செட்டு, டிவி, ஃபிரிட்ஜ் மூன்றும் ஒரே சமயத்தில் போனால் செட்டைத் திறக்காதீர்கள், வோல்டேஜைப் பாருங்கள். கடலோரத்தில் கம்பத்து நியூட்ரல் இணைப்பும் களிம்பில்தான் அறுகிறது. நியூட்ரல் விட்டால் ஒரு வீட்டில் பல்பு மங்கும், பக்கத்து வீட்டில் சூரியனாக எரியும். 230 வர வேண்டிய இடத்தில் 300-ஐத் தாண்டி வரலாம். செட்டுக்குள் கரண்ட் நுழையும் இடத்தில் நீலமாகவோ மஞ்சளாகவோ பொத்தான் அளவு வேரிஸ்டர் என்ற காவல் பாகம் இருந்தால் அது வெடித்து, பியூஸை அறுத்து, மற்றவற்றைக் காப்பாற்றியிருக்கும். மீட்டரில் ஏசி வைத்து பிளக் பாயின்ட்டைப் பாருங்கள். 207-க்கும் 253-க்கும் நடுவில் நின்றால் சரி. கூடினால் மெயினை இறக்கிவிட்டு ஈபியைக் கூப்பிடுங்கள். அவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு பியூஸ் மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்த முறைக்கு

செட்டை ஜன்னலுக்கு நேரே, காற்று வரும் பக்கம் வைக்காதீர்கள். மழை மாதங்களில் பாட்டுக் கேட்காவிட்டாலும் வாரத்தில் இரண்டு மூன்று நாள் அரை மணி நேரம் ஓடவிடுங்கள், உள்ளே ஈரம் தங்காது. பிளாஸ்டிக் உறை போட்டு இறுக்கி மூடுவதைவிடப் பருத்தித் துணி மேல். ஓடும்போது துணியை எடுத்துவிட வேண்டும். வருஷத்துக்கு ஒரு முறை, பங்குனி வெயில் வந்ததும், பிளக்கைக் கழற்றிவிட்டு பியூஸை எடுத்துத் துடைத்து, கவ்வியைப் பார்த்து, திரும்பப் போடுங்கள். ஐந்து நிமிட வேலை.

சரியான அளவை ஒரு ஸ்டிக்கரில் எழுதிச் செட்டின் முதுகில் ஒட்டுங்கள், மாற்றிய தேதியோடு. அச்சடித்த எழுத்து நம் ஊர்க்காற்றில் சீக்கிரம் அழிந்துவிடுகிறது. உபரி பியூஸ்களை அலமாரியில் திறந்து போட்டு வைத்தால் போடாமலேயே தொப்பி மங்கிவிடும். மாத்திரை டப்பாவில் அந்தச் சின்ன சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு மூடி வையுங்கள். டப்பாவின் மேலும் அளவை எழுதுங்கள். எங்கள் வீட்டில் ஒரு தடவை எழுதாமல் விட்டதில், என் அம்மா அதைத் தன் பிரஷர் மாத்திரைகளோடு சேர்த்து வைத்துவிட்டார்கள்.